கால்மாட்டு ஒட்டு

"சுருக்கணுமா, நீட்டணுமா?" என்றுதான் அந்த ஆளிடம் நான் முதலில் கேட்டேன். கடை வாசலில் பையோடு வந்து நிற்கிற எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். புதுத்துணி தைக்கிற கடை இல்லை என்னுடையது. அண்ணன் பேண்ட்டைத் தம்பிக்குச் சுருக்க, ஊதிப்போன இடுப்புக்கு ரெண்டு விரல் துணி விட, ஜிப் மாற்ற, கிழிசல் அடைக்க, இந்த மாதிரி வேலைகள். வீட்டின் முன்னறையில் மெஷினைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். நூல் கோத்துக்கொண்டிருந்ததால் நிமிராமலே கேட்டேன். நிமிர்ந்தால், ஐம்பதைத் தொடப்போகிற வயதில் ஓர் ஆள். சட்டைக் காலர் நைந்துபோய், அதைப் பிரித்துத் திருப்பித் தைத்திருந்தது. மெஷின் தையல் இல்லை, கைத்தையல். பொல்லாத கை, ஓர் இழைகூடக் கோணவில்லை. ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் தையலைப் பார்ப்பது என் தொழில் புத்தி.

"அம்மா இருக்காங்களா?" என்றார்.

"யாரோட அம்மா?"

அவர் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "நம்ம அம்மா" என்றார்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. முன்பின் தெரியாத ஒருவர் என் அம்மாவில் பங்கு கேட்டுக்கொண்டு வாசலில் நின்றால் யாருக்குத்தான் வராது. நாங்கள் ஊரைவிட்டு ஓடி வந்தபோது எனக்கு நாலு வயது. அண்ணனுக்கு ஆறு. சண்டை தெருமுனைக்கு வந்துவிட்ட அன்று, பக்கத்து வீட்டுக்காரர்களோடு அவனை லாரியில் ஏற்றி முன்னால் அனுப்பிவிட்டு, நாங்கள் நடந்து வந்தோம். நாங்கள் வந்து சேர்ந்தோம், லாரி வந்து சேரவில்லை. இது எங்கள் வீட்டுக் கதை. இதைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். என் கல்யாணத்தில்கூட அப்பா ஒரு நாற்காலியை யாரையும் உட்காரவிடாமல் காலியாக வைத்திருந்தார். அந்தக் கதைக்குள்ளிருந்து ஒரு மத்தியான வேளையில் ஒருவர் காலர் திருப்பித் தைத்த சட்டையோடு இறங்கி வந்தால் நம்புவேனா?

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவர் அவளைப் பார்த்ததும் மனப்பாடம் பண்ணி வந்த மாதிரி, "அந்த லாரியில போனேன்மா. போன இடத்துல ஒரு பிள்ளைங்க இல்லத்துல விட்டுட்டாங்க. நான்தான்மா" என்றார். அம்மா அவர் முகத்தைப் பார்த்தது ஒரு கணம்தான். அப்புறம் அவள் கண் கீழே இறங்கி, அவர் பாதத்தில் போய் நின்றுகொண்டது. செருப்பு, புழுதி, வெடித்த குதிகால். அதில் என்ன கண்டாளோ, வெகுநேரம் பார்த்தாள்.

"வந்துட்டியா" என்றாள். "செருப்பை அங்க விட்டுட்டு உள்ள வா. சாப்பிட்டியா?"

அவ்வளவுதான். அழுகை இல்லை, கட்டிப்பிடித்தல் இல்லை. என் மகள் படிப்பதற்காக விமானம் ஏறியபோது படுக்கையில் விழுந்து அழுது, மருத்துவரைக் கூப்பிட வைத்தவள் இவள். நாற்பது வருஷம் கழித்துப் பிள்ளை வந்திருக்கிறான் என்றால், பக்கத்துக் கடைக்குப் போய் வந்தவனைக் கேட்கிற மாதிரிக் கேட்கிறாள். அதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன். பெற்ற மனம் பித்து என்று சொல்லி வைத்திருக்கிறார்களே, அதில் இதுவும் ஒரு வகை போலும்.

அவரை மனசுக்குள் 'வந்தவர்' என்றே வைத்துக்கொண்டேன். அண்ணா என்று கூப்பிட நாக்கு எழவில்லை. வாடிக்கையாளரைக் கூப்பிடுகிற மாதிரி 'வாங்க, போங்க, தண்ணி வேணுமா' என்றே ஓட்டினேன்.

இதற்கெல்லாம் மூலகாரணம் என் மகள்தான். நாங்கள் ஓடி வந்தவர்கள், அவள் பறந்து போனவள். போன இடத்தில் சும்மா இருக்காமல், காணாமல்போன சொந்தங்களைத் தேடுகிறவர்களுக்கென்று ஏதோ ஒரு பக்கம் இருக்கிறதாம், அதில் எல்லாவற்றையும் எழுதிப் போட்டுவிட்டாள். அப்பாவின் சைக்கிள் கடை, அது மாடிப்படிக்குக் கீழே இருந்தது, அண்ணன் வயது, லாரி, பக்கத்து வீட்டுக்காரர்கள், இந்த வீட்டு விலாசம், ஒன்று விடாமல். திருடனுக்குச் சாவி செய்து கொடுத்த மாதிரி. படித்துவிட்டு யார் வேண்டுமானாலும் வரலாம். அவர் படத்தை அவளுக்கு அனுப்பிவிட்டுப் போனில் இதைச் சொன்னபோது, "அம்மா, உனக்கு எதுல சந்தேகம் இல்ல? மாமா மூக்கு தாத்தா மூக்கு மாதிரியே இருக்கு" என்றாள். அவள் பார்த்த தாத்தா மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மூக்கு. என்ன கண்டாள்.

ஆனாலும் அவள்தான் ஒரு நல்ல யோசனை சொன்னாள். எச்சிலையோ ரத்தத்தையோ எடுத்துப் பரிசோதித்தால் ஒரே வாரத்தில் தெரிந்துவிடுமாம். நான் மெதுவாக அதைச் சாப்பிடும்போது எடுத்து வைத்தேன். வந்தவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "எடுத்துடலாங்க. எனக்கும் நல்லதுதானே" என்றார். அம்மாதான் பொங்கிவிட்டாள். "நான் பெத்ததுக்கு ஆஸ்பத்திரிக்காரன் சீட்டு எழுதித் தரணுமா? இந்தப் பேச்சை இன்னொரு தடவை எடுத்தா நான் இந்த வீட்டுல கை நனைக்க மாட்டேன்" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். சோற்றுக் கையோடு உட்கார்ந்திருந்தவர் முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரிந்தது. சரியான நடிகன், மறுப்பாள் என்று தெரிந்துதான் சம்மதிக்கிறான் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

என் வீட்டுக்காரருக்கு நான் வைத்த பெயர் நீதிபதி. பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிற வேலைதான், ஆனால் எந்த வழக்கு போனாலும் இந்தப் பக்கமும் நியாயம் இருக்கு, அந்தப் பக்கமும் நியாயம் இருக்கு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விடுவார். "உன் பக்கமும் நியாயம் இருக்கு" என்றார் இப்போதும். "ஆனா அந்த மனுஷனைப் பார்த்தா ஏமாத்துற ஆள் மாதிரித் தெரியலையே."

"ஏமாத்துறவன் ஏமாத்துறவன் மாதிரியா இருப்பான்? அப்புறம் எப்படி ஏமாத்துவான்?"

"அதுலயும் நியாயம் இருக்கு" என்று சோப்பைத் தேடினார்.

வந்தவர் செய்வதெல்லாம் சந்தேகத்துக்கு இடமாகவே இருந்தது. அதிகாலையில் எழுந்து, யாரும் கேட்காமலே, வருஷக்கணக்காகச் சொட்டிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்தார். தண்ணீர்ப் பம்பு பழுது பார்க்கிற தொழிலாம். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்தார். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "யாரு வீட்டுப் பிள்ளைன்னு சொல்லிங்க பொண்ணு கேக்கிறது?" என்று சிரித்தார். பேச்சில் பிசிறு இல்லை. இவ்வளவு பணிவு எதற்கு? இவ்வளவு பணிவாக இருக்கிறவர்களிடம் நான் முன்பணம் வாங்காமல் துணியைத் தொடுவதில்லை.

சீக்கிரமே பூனைக்குட்டி வெளியே வந்தது. சண்டை ஓய்ந்த பிறகு அவர் எங்கள் பழைய ஊர்ப்பக்கமே திரும்பிப் போய் வீடு எடுத்துத் தங்கியிருக்கிறாராம். அங்கே ஓடிப்போனவர்கள் திரும்பி வந்து, இது என் மனை என்று நின்று காட்டினால் நிலத்தைத் திருப்பித் தருகிறார்களாம். அப்பா இப்போது இல்லை, அம்மா வந்தால் போதுமாம். "அம்மாவைக் கூட்டிப்போய் வெச்சுக்கலாம்னு ஆசையா இருக்கு. நீங்க இத்தனை வருஷம் பார்த்தீங்க. மிச்ச காலம் நான் பார்க்கிறேன்" என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை எனக்கும் தெரியும். நான் அம்மாவைப் பார்த்தேன், 'முடியாது' என்று சொல்வாள் என்று.

"போகலாம்" என்றாள் அம்மா. "அடுத்த வாரமே போயிடலாம்."

என் கையிலிருந்த கத்தரி துணியைத் தாண்டிப் போய்விட்டது. யாரோ ஒரு பெண்ணின் பாவாடைக் கரையில் விரல் நீளத்துக்கு வெட்டு. நாற்பது வருஷமாக அந்த ஊரின் பெயரை எடுத்தாலே எழுந்து போகிறவள். என்னைப் பெற்றவள், என்னோடு இருக்கிறவள், என் பிள்ளைப்பேறு பார்த்தவள், காலையில் நான் மெஷினில் உட்கார்ந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் பிரித்துக் கொடுக்கிறவள். அவளை, குழாய் சரிசெய்யத் தெரிந்த ஒருவர் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார், இவளும் போய்விடுவாள். அப்போது எனக்கு வந்தது கோபம் இல்லை, பயம். அந்தப் பயத்தில்தான் எல்லாக் காரியமும் செய்தேன்.

அவரை எப்படியாவது மாட்ட வைக்க வேண்டும். எழுதிப் போடாத ஒன்றைக் கேட்க வேண்டும். மத்தியானம் அவர் என் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது, ரொம்ப சாதாரணமாகக் கேட்டேன். "நம்ம வீட்டு நாய் ஞாபகம் இருக்கா?"

அவர் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். முகம் மலர்ந்துவிட்டது. "இருக்கே. செம்பட்டை நிறம். ஒரு காது கிழிஞ்சிருக்கும். சாப்பிடும்போது பக்கத்துல வந்து முழங்கால்ல மோவாயை வெச்சுக்கும்" என்றார்.

எங்கள் வீட்டில் நாயே கிடையாது. அப்பாவுக்குச் சின்ன வயசில் நாய் கடித்து, நாய் குரைத்தால் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போகிற மனிதர் அவர். அகப்பட்டாயா என்று மனசுக்குள் துள்ளினேன். நேராக நீதிபதியிடம் போய்ச் சொன்னேன். அவர், "ஆறு வயசுப் பிள்ளை தெருநாயை வீட்டு நாய்னு நினைச்சிருக்கலாம். நீ மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே" என்றார். அம்மாவிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே பட்டன் பிரித்தாள். "நாய் இருந்துச்சுன்னு சொன்னா இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். "உனக்கு என்ன நஷ்டம்?"

இதற்குமேல் நான் என்ன செய்ய. அல்ப ஆத்திரம் என்று ஒன்று இருக்கிறதே, பெரிய இடத்தில் ஜெயிக்க முடியாதபோது சின்ன இடத்தில் காட்டுவது, அது எனக்கு வந்தது. அன்று சாயங்காலம் படுக்கை போடும்போது அதைக் காட்டினேன். அதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் வீட்டுப் போர்வைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் எந்தப் போர்வையும் வாங்கின நீளத்தில் இருக்காது. கடையிலிருந்து எவ்வளவு பெரியதாக வாங்கி வந்தாலும், அதன் ஒரு முனையில் இரண்டு முழம் துணியைச் சேர்த்துத் தைத்த பிறகுதான் அம்மா அதைப் பயன்படுத்த விடுவாள். கால்மாட்டு ஒட்டு என்று அதற்குப் பெயர். நான் மெஷினில் உட்கார்ந்து தைத்த முதல் தையலே ஒரு கால்மாட்டு ஒட்டுத்தான். கிடைத்த துணியில் ஒட்டுவதால், நீலப் போர்வைக்குச் சிவப்பு ஒட்டு, பூப்போட்டதற்குக் கட்டம் போட்டது என்று கொடியில் காயும்போது தெருவே சிரிக்கும். "உங்க வீட்டுல எல்லாரும் பனைமர உயரமா?" என்று கேட்பார்கள். என் வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில் காலில் சுற்றிக்கொண்டு விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். மகள் வெளிநாட்டுக்குக் கொண்டுபோன போர்வையிலும் ஒட்டு இருக்கிறது. அம்மாவுக்குக் காலில் குளிர் தாங்காது, அதுதான் காரணம் என்று நானாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வந்தவருக்கும் முதல் நாளிலிருந்து ஒட்டுப் போட்ட போர்வைதான் அம்மா கொடுத்துவந்தாள். அன்று நான் அதைத் துவைக்கப் போடுவதாக எடுத்துக்கொண்டு, கடையில் ஓரம் அடிக்க வந்திருந்த ஒரு விடுதிப் பிள்ளையின் போர்வையைக் கொடுத்தேன். குட்டைப் போர்வை. எங்கள் வீட்டு மனிதருக்குத்தான் எங்கள் வீட்டுப் போர்வை, உனக்கு இது போதும் என்று அர்த்தம். அவருக்குப் புரியட்டும், புரியாமல் போகட்டும், எனக்குப் புரிந்தால் போதும் என்றிருந்தது. அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நன்றி என்றார். அதுவும் எரிச்சலாக இருந்தது.

காலையில் வாசல் கதவைத் திறக்கிறவள் அம்மாதான். மறுநாள் கதவு திறக்கிற சத்தம் கேட்கவில்லை. நான் எழுந்து முன்னறைக்கு வந்தேன். சன்னல் வழியாக வெளிச்சம் வந்துவிட்டிருந்தது. வந்தவர் மல்லாந்து அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தார். போர்வை கெண்டைக்காலோடு நின்றுவிட்டது, இரண்டு பாதமும் வெளியே. அம்மா அந்தப் பாதங்களுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, போர்வை நுனியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். கால் மூடினால் நெஞ்சு தெரிந்தது. உடனே எட்டி மேலே ஏற்றினாள். கால் தெரிந்தது. மறுபடி கீழே இழுத்தாள். சத்தமே இல்லாமல் இதையே செய்துகொண்டிருந்தாள். அவள் வாய் திறந்திருந்தது, காற்று மட்டும் வந்தது.

நான் போய் அவள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். எடையே இல்லை. பின்பக்கம், துணி காயப்போடுகிற இடத்துக்குக் கூட்டிப்போய்க் துவைக்கிற கல்லில் உட்காரவைத்தேன். கொடியில் நான் நேற்று எடுத்த போர்வை, ஒட்டோடு தொங்கியது.

"யாரு அவனுக்கு அதைக் குடுத்தது?" என்றாள்.

"நான்தான்."

"ஒட்டு இல்லாததைக் குடுத்தியா?"

"ஒரு நாள்தானேம்மா. ஆளு சரியில்லம்மா, நாய் விஷயத்துலயே..."

"அவன் வரமாட்டான்டி" என்றாள்.

"யாரு?"

"உன் அண்ணன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொடியிலிருந்த போர்வையின் ஒட்டைப் பிடித்துக்கொண்டு அம்மா சொன்னாள். கண்ணை அதிலிருந்து எடுக்கவே இல்லை. அன்று எனக்குக் காய்ச்சல் கொதித்தது. நடக்க முடியாது. வீட்டில் கைக்குக் கிடைத்த ஒரு போர்வையை அம்மா பல்லால் கடித்து இரண்டாகக் கிழித்தாள். ஒரு பாதியில் என்னை அப்பா முதுகோடு சேர்த்துக் கட்டினாள். இன்னொரு பாதியைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா வேகமாக முன்னால் போய்விட்டார். ரோடு முழுக்க ஜனம். மேலேயிருந்து குண்டு விழுந்தது. புழுதி அடங்கிப் பார்த்தபோது அவள் கையில் அவன் கை இருந்தது, அவனுக்கு உயிர் இல்லை.

"கூப்பிட்டுப் பார்த்தேன். மடியில போட்டுப் பார்த்தேன். எல்லாரும் ஓடுறாங்க. அந்தப் பாதிப் போர்வையைப் போட்டு மூடினேன். பத்தலைடி. முகத்தை மூடினா காலு தெரியுது. காலை மூடினா முகம் தெரியுது. மண்ணு அள்ளிப் போடக்கூட நேரம் இல்ல. முகத்தை மூடிட்டு வந்துட்டேன். காலு வெளியிலதான் கிடந்துச்சு."

நான் அந்த மறுபாதியில் கட்டப்பட்டு, அப்பாவின் பிடரி வேர்வையில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு காய்ச்சலில் தூங்கியிருக்கிறேன். அந்த வேர்வை வாசனை ஒன்றுதான் எனக்கு அந்த நாளைப் பற்றி ஞாபகம் இருக்கிறது. நான் அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்போ லாரி?"

"உங்க அப்பாவை எட்டிப் பிடிச்சேன். அவன் எங்கேன்னு கேட்டாரு. செத்துட்டான்னா திரும்பி ஓடுவாரு, முதுகுல நீ இருக்கே. காணோம்னா தேடப் போவாரு. முன்னாடி போற லாரியில பக்கத்து வீட்டுக்காரங்களோட ஏத்தி விட்டுட்டேன்னு சொன்னேன். அப்புறம் அவரு நிக்கவே இல்ல. அவனைப் பிடிக்கணும்னு ஓட்டமும் நடையுமா வந்தாரு. அப்படித்தான் நீ இங்க வந்து சேர்ந்தே."

"வந்து சேர்ந்தப்புறம் சொல்லியிருக்கலாம்ல. அப்பா எத்தனை வருஷம் பஸ் ஸ்டாண்டுல போய் நின்னாரு. சாகும்போதுகூட அவன் வந்தா சைக்கிளைக் குடுன்னுதானே சொன்னாரு. அவருக்காவது சொல்லியிருக்கலாம்லம்மா." எனக்கு அழுகையும் ஆங்காரமும் சேர்ந்து வந்தன. என் அம்மாவை எனக்கு அடிக்க வேண்டும்போல இருந்தது, அவள் மடியில் விழ வேண்டும்போலவும் இருந்தது.

"நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்" என்றாள். "ஒவ்வொரு நாளும் அப்படித்தான் இருந்தேன்."

குழாயில் சொட்டுச் சத்தம் இல்லாததால் பின்பக்கமே புதிய இடம் மாதிரி இருந்தது. சந்தேகப்படுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஆளின் காலரைச் சந்தேகப்பட்டேன், பணிவைச் சந்தேகப்பட்டேன், நாயைச் சந்தேகப்பட்டேன். இவ்வளவு நாளில் அம்மா அவரிடம் ஒரு கேள்வி, எப்படியடா பிழைத்தாய், யாருடா வளர்த்தார்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்கவில்லை என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை. கண்ணுக்கெதிரே உட்கார்ந்து பட்டன் பிரித்துக்கொண்டிருந்தவளை நான் பார்க்கவே இல்லை.

"அப்போ இவரு யாரும்மா?"

"எனக்கு என்ன தெரியும். யாரு பெத்த பிள்ளையோ."

"இவரு அவன் இல்லன்னு தெரிஞ்சுமா வந்துட்டியான்னு கேட்டே?"

"லாரியில போனேன்னு சொன்னான்லடி. நான் சொன்ன பொய்யில ஏறி ஒருத்தன் வந்து வாசல்ல நிக்கிறான். இறங்குன்னு எப்படிச் சொல்றது?" முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அவன் இருக்கிற இடத்துக்கு அந்த ரோட்டு வழியாத்தான் போகணும். ஒரு இடத்துல இறங்கணும் எனக்கு. தனியாப் போறேன்னா நீ விடுவியா? பிள்ளையோட போறேன்னா யாரு தடுப்பா?" பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "சொல்றதா இருந்தா நீ சொல்லிடு அவன்கிட்ட. எனக்கு வாய் வராது. சொன்னா அவன் போயிடுவான், அவ்வளவுதானே" என்றாள். எழுந்து அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தாள்.

நான் விரும்பியது கைக்கு வந்துவிட்டது. அவர் என் அண்ணன் இல்லை. போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார், அம்மா எங்கும் போகமாட்டாள். நான் முன்னறைக்குப் போனேன்.

அவர் எழுந்துவிட்டிருந்தார். படுக்கையைச் சுருட்டி, அந்தக் குட்டைப் போர்வையை ஓரத்தோடு ஓரம் வைத்து மடித்துக்கொண்டிருந்தார். இல்லத்துப் பழக்கமாக இருக்கும், அப்படி ஒரு மடிப்பு. என்னைப் பார்த்ததும், "இது கடைக்கு வந்ததுதானே? அழுக்கு ஆகாமத்தான் படுத்தேன்" என்றார். "நம்ம வீட்டுது எல்லாத்துலயும் கீழே ஒரு துண்டு இருக்குமே."

கவனித்திருக்கிறார். தெரிந்துதான் நேற்று இரண்டு கையாலும் வாங்கியிருக்கிறார். எனக்குக் காது சுட்டது.

"அந்த நாய்..." என்று அவரே ஆரம்பித்தார். "நம்ம வீட்டுது இல்லன்னு உங்க முகத்தைப் பார்த்தப்பவே தெரிஞ்சுது. பொய் சொல்லணும்னு சொல்லலைங்க. இல்லத்துல விளக்கை அணைச்சதும் ஒவ்வொருத்தரா அவங்கவங்க வீட்டைச் சொல்லணும். அது ஒரு விளையாட்டு மாதிரி. ஒருத்தன் கிணறு சொல்லுவான், ஒருத்தன் தாழ்ப்பாள் சத்தம் சொல்லுவான். எனக்கு ரொம்ப நாள் பேச்சே வரலை. பேச்சு வந்தப்போ சொல்ல ஒண்ணும் இல்லை. அதனால மத்தவங்க சொன்னதுல எனக்குப் பிடிச்சதை எடுத்துக்குவேன். சொன்னவனும் விட்டுக்குடுத்துடுவான். நாய் யாரோடதுன்னு இப்போ தெரியலை. லாரி மட்டும் என்னோடதுதான். தார்ப்பாய் வாசனை இப்பவும் வந்தா வாந்தி வரும்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு என் மேல சந்தேகம், அது பரவாயில்லை. கேள்வி கேக்கிறீங்க. எனக்கு அதுல ஒரு தைரியம். அம்மா ஒரு கேள்விகூடக் கேக்கலைங்க. கேட்டா எங்க தப்பாச் சொல்லிடுவேனோன்னு பயந்துக்கிட்டுத்தான் வந்தேன். கேக்காம இருக்கிறது அதைவிடப் பயமா இருக்கு. அவங்களுக்கு ஏதோ தெரியும். உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

அந்த முகத்தில் திருட்டுத்தனம் எங்கேயாவது இருக்கிறதா என்று கடைசியாக ஒரு முறை தேடினேன். இல்லை. சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கில் தயாராக இருந்தது. சொன்னால் அம்மா எனக்கு. சொல்லாவிட்டால் அடுத்த வாரம் பஸ்ஸில் ஏறிப் போய், வழியில் எங்கோ ஓரிடத்தில் இறங்கி நிற்பாள், பக்கத்தில் இந்த மனிதர் ஏன் இறங்கினோம் என்று தெரியாமல் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். மெஷின் மேல் கிடந்த அளவு நாடாவை எடுத்தேன்.

"நேரா நில்லுங்க" என்றேன்.

"எதுக்குங்க?"

"போர்வைக்கு அளவு எடுக்கணும்."

அவர் சுவரோடு ஒட்டி நின்றார். உச்சந்தலையில் நாடாவின் முனையை வைத்துக் கீழே விட்டேன். கணுக்காலுக்கு மேலேயே நாடா தீர்ந்துவிட்டது. தீர்ந்த இடத்தில் கட்டைவிரலை அழுத்திப் பிடித்துக்கொண்டு தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்தேன். மிச்சத்தை அளப்பதற்காக. என் முகத்துக்கு நேரே அவருடைய பாதங்கள் இருந்தன. வெடித்த குதிகால், ஓரத்தில் ஒரு பழைய தழும்பு, சுண்டுவிரல் நகம் பாதிதான் இருந்தது. அளந்தாகிவிட்டது. எழுந்து மெஷினுக்குப் போய், துண்டுத்துணி மூட்டையைப் பிரித்து, அகலமானதாக ஒன்றைத் தேடினேன். திரும்பிப் பார்த்தால், நான் நில்லுங்கள் என்று சொன்ன அதே இடத்தில், கை இரண்டையும் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு, அவர் இன்னும் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.